வசனத்துக்கு நீ, சத்தத்துக்கு நான்

லாயாங் லாயாங்
5.3.2023

என் செவிட்டு மகாராணி யோகேஸ்வரிக்கு, அண்ணன் லெட்சுமணன் எழுதுவது.

இங்கே நான் சுகம். போன மாதத்தைவிட ஒரு பல் குறைவு, அவ்வளவுதான். நீயும் மகள் ஷர்மினியும் சுகமா? உன் வீட்டுக்காரர் மணியத்தின் சுகத்தை மட்டும் நான் கேட்க வேண்டியதில்லை. ஐஸ் பெக்டரி வாசலில் என் காவல் கொட்டகையிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை வேலையாட்கள் தங்கும் கொங்சி வீட்டு முன்னால் பல் விளக்குவது தெரிகிறது. நான் பிடித்துக் கொடுத்த வேலையில் தொப்பை நன்றாக வளர்கிறது.

உனக்குக் காது போய் நாலு வருஷம் ஆகிறது. நான் போனில் பேசி அனுப்பினால் உனக்குக் கேட்காது. எழுத்தைத் தட்டி அனுப்ப என் விரலுக்கு வராது, ஒன்றைத் தொட்டால் மூன்று வந்து விழுகிறது. அதனால் ஜொகூரில் தபால்காரருக்கு வேலை கொடுப்பது நாம் இரண்டு பேர்தான்.

ஊரே பேசுகிற அந்த விண்கப்பல் படத்தைக் குளுவாங் போய்ப் பார்த்துவிட்டேன். நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஆங்கிலம் தெரியாது, கீழே ஓடும் மலாய் எழுத்து நான் இரண்டு சொல் படிப்பதற்குள் ஓடிவிடும். ஆகையால் வசனத்துக்கு நீ, சத்தத்துக்கு நான்.

சத்தம் இதோ. கப்பல் ஓடுவது எங்கள் ஐஸ் மெஷின் மாதிரியே ஊம் என்று இருக்கிறது. கேப்டனின் சப்பாத்து டக் டக். கப்பலில் ஓட்டை விழும்போது ஈரத்துணியைக் கிழித்த மாதிரி. காற்று வெளியே போகாமல் இருக்க அந்த மெக்கானிக் ஓட்டை விழுந்த அறையின் கதவை மூடும்போது சத்தமே இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தர் கச்சாங் பூத்தே கடலை கடித்தது மட்டும் கேட்டது.

படத்தில் ஓட்டை கப்பலில் மட்டும் இல்லை. மூவாயிரம் பேர் இருபது வருஷம் போகிறார்கள், ஒருத்தர்கூடத் துணி துவைக்கவில்லை. சரி, அதை விடு. அந்தக் கதவுக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர் பெட்டியில் படுத்துத் தூங்குகிறார்கள். மெக்கானிக்குக்கு அது தெரியும், மூஞ்சியிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்தும் ஏன் மூடினான்? நீ படித்ததைச் சொல்.

உன் கிழட்டு அண்ணன்,
லெட்சுமணன்


உலு திராம்
14.3.2023

பல் போனாலும் வாய் போகாத அண்ணனுக்கு, யோகேஸ்வரி வணக்கம்.

நாங்கள் நலமே. ஷர்மினி சிங்கப்பூர் வேலைக்கு விடிவதற்குள் கிளம்பி, இருட்டிய பிறகு வருகிறாள். உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? தேத்தண்ணியில் பால் டின்னைக் கவிழ்ப்பதாக உங்கள் மாப்பிள்ளை கோள் சொன்னார்.

படத்துக்கு அவர்தான் கூட்டிப் போனார். ஆனால் விளக்கை அணைத்ததும் தூங்கிவிட்டார். குறட்டை எனக்குக் கேட்கவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தில் பார்த்தேன்.

நீங்கள் கதையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த அறையில் யாரும் இல்லை, காலி என்று கேப்டன் சொல்கிறார். மெக்கானிக் நம்பிக் கதவை மூடுகிறான். மூடிய பிறகுதான் ஆள் இருந்தது தெரிகிறது. நான் எழுத்தைப் படித்தேன் அண்ணே, நீங்கள் மூஞ்சியைப் படித்தீர்கள். எழுத்துதான் சரி.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். நாற்பத்தொரு பேரில் ஒருத்தராவது எழுந்து கதவைத் தட்டியிருக்க மாட்டார்களா? காற்று குறைந்தால் தூக்கம் கலையாதா? அதைப் படம் சொல்லவே இல்லை.

அன்புடன்,
யோகேஸ்


லாயாங் லாயாங்
31.3.2023

யோகேஸுக்கு அண்ணன் எழுதுவது. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. சர்க்கரையும் கல்லு மாதிரிதான்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பசார் ரமடான் சந்தையில் குளிர்ந்த தண்ணி விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஐஸ் வேண்டும். லோரி வரிசை சாலை வரை நிற்கிறது. மெஷினை நிறுத்துவதே இல்லை. கொங்சியில் இருக்கிற பன்னிரண்டு பேரும் இரவு முழுக்க ஐஸ் ஏற்றிவிட்டுப் பகலில் செத்த மாதிரி தூங்குகிறார்கள். மாப்பிள்ளைக்கு அறை மாற்றியிருக்கிறார்கள். மெஷின் ரூம் சுவரை ஒட்டின கடைசி அறை. குளுகுளு என்று இருப்பதாகச் சொன்னார்.

போன கடிதத்தில் ஒரு சத்தத்தை எழுத மறந்துவிட்டேன். அந்தக் கப்பலில் ஒரு சங்கு இருக்கிறது. கசிவு வந்தால் ஊதும். அது தொட்டதற்கெல்லாம் ஊதியது. தூங்குகிறவர்கள் எழுந்து ஓடுவார்கள், ஒன்றும் இருக்காது, வேலை கெட்டுப்போகும். கடைசியில் ஒருத்தன் ஏணி போட்டு ஏறி அதன் வாயில் பழைய துணியைத் திணித்துவிட்டான். இருட்டில் காட்டினார்கள், நீ கவனித்திருக்க மாட்டாய். அதனால்தான் உள்ளே இருந்த நாற்பத்தொரு பேரும் எழவில்லை. உன் சந்தேகத்துக்கு இதுதான் பதில்.

இப்போது என் சந்தேகம். மெக்கானிக்கைப் பற்றிப் படம் இரண்டு மணி நேரம் பேசுகிறது. துணி வைத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் செய்தது தப்பா, இல்லையா? நீ பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்று வரை படித்தவள், சொல்.

சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


உலு திராம்
8.4.2023

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், வெயில்தான் தாங்கவில்லை. உங்கள் பெக்டரி ஐஸில் ஒரு கட்டியைத் தபாலில் அனுப்புங்கள்.

அந்தத் துணி நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் சத்தம் உங்கள் இலாகா, நம்புகிறேன்.

துணி வைத்தவன் கெட்டவனாக இருக்க மாட்டான். மேலே உள்ள யாரோ வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒன்று அண்ணே. சொன்னது யார் வாயாக இருந்தாலும் ஏணியில் ஏறினது அவன் கால்தானே. கப்பல் காப்பாற்றப்பட்டதும் எல்லாரும் கைதட்டுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் நின்று தட்டியிருப்பான்.

என் ஆள் அந்தப் பெட்டியில் தூங்கியிருந்தால் மன்னிப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாட்டேன் என்றுதான் எழுதியிருப்பேன். நல்லவேளை, என் ஆள் பெட்டியில் இல்லை, ஐஸ் பெக்டரியில் தூங்குகிறார்.

ஏன் இந்தப் படத்தை இப்படிப் பிடித்துக்கொண்டீர்கள்? கதாநாயகி அவ்வளவு அழகா?

யோகேஸ்


லாயாங் லாயாங்
1.5.2023

யோகேஸுக்கு,

பதில் தாமதம். கை வலி. மற்றபடி சுகம்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. லோரி குறைந்துவிட்டது. ஆனால் இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

படத்தில் இன்னொரு இடம். அவசரம் முடிந்த பிறகு துணி வைத்தவன் அதை எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை தெரியுமா? சங்கு ஊதாததால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவனைத் தோளில் தட்டி நல்ல மனுஷன் என்றார்கள். இனி எடுத்தால், இத்தனை நாள் நீங்கள் உயிரோடு இருந்தது என் அதிர்ஷ்டம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அது சுலபம் இல்லை.

கடைசியில் மெக்கானிக் கதவில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுக்கிறான். எனக்குப் புரியவில்லை. கீழே என்ன எழுதியிருந்தது? மறக்காமல் எழுது.

அண்ணன்


உலு திராம்
9.5.2023

அண்ணனுக்கு யோகேஸ்.

கை வலிக்குத் தைலம் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், தேய்த்துக்கொள்ளுங்கள். போன கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய நோயாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்ட இடத்தில் எழுத்து வரவில்லை. அவன் உதடு மட்டும் ஆடியது. உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நான் இருந்தேன்.

அவர் நாலு நாள் லீவில் வந்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி சிவந்திருக்கிறது. விடாமல் இருமுகிறார். சட்டையை ஊற வைத்தால் வாளியிலிருந்து மூத்திர நெடி மாதிரி ஒன்று மூக்கில் ஏறுகிறது. என்னவென்று கேட்டேன். நான் உதட்டைப் படிக்கும்படி நிதானமாகத்தான் சொன்னார்:

"லேசா கேஸ் வாடை வரும், பழகிப்போச்சு. முந்தி சும்மா சும்மா சங்கு ஊதும், இப்ப ரிப்பேர் பண்ணிட்டாங்க. வாசல்ல உங்கண்ணன் வேற இருக்காரு. எனக்கு என்ன பயம்?"

உங்கள் பெக்டரியில் சங்கு உண்டு என்று நீங்கள் எனக்கு எழுதியதே இல்லையே அண்ணே. அறையை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

யோகேஸ்


உலு திராம்
28.5.2023

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகம் விசாரிக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

நேற்று ஷர்மினி அந்தப் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சங்கு ஊதும்போது என் தொடையைத் தட்டச் சொன்னேன். படம் முடியும்வரை அவள் தட்டவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

படத்தில் சங்கு இல்லை. ஏணி இல்லை. துணியும் இல்லை.

எந்தச் சங்கு அண்ணே?

அறையை விட்டு வெளியே வந்து படுங்கள் என்று அவருக்குப் போனில் தட்டி அனுப்பினேன். "அண்ணன் இருக்காரு" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

யோகேஸ்வரி


லாயாங் லாயாங்
3.6.2023

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் துணிப்பையில் போட்டு அனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன், அவர் பிரித்திருக்க மாட்டார். முதலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி ஒளித்து வை.

அவர் என்மேல் கொலைவெறியில் வருவார். வேலை நேரத்தில் குடிக்கிறார் என்று நான்தான் சூப்பர்வைசர் சுகுமாறனிடம் பொய் சொல்லி வேலையை விட்டுத் தூக்கவைத்தேன். சும்மா வீட்டுக்குப் போங்கள் என்றால் போகமாட்டார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கோபத்தில் போனவர் திரும்ப மாட்டார் அல்லவா.

படத்தில் சங்கு இல்லை என்று எனக்கும் தெரியும். நேராகக் கேட்க வாய் வராமல் கப்பலில் ஏற்றி உன்னிடம் கேட்டேன். ஐஸ் மெஷினில் அம்மோனியா கேஸ் கசிந்தால் ஊதும் எங்கள் சங்கு, நோன்பின் இரண்டாம் நாள் நாலு தடவை ஊதியது. சுகுமாறன் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். ஏறினது என் கால். நீ தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட கைலி கிழிந்து கிடந்தது, அதைத்தான் சுருட்டித் திணித்தேன். மேலே நின்றுகொண்டு ஒரு ஜோக் வேறு அடித்தேன். "சும்மா கத்தாத, எந்தங்கச்சி மாதிரி நிம்மதியா இரு." கீழே நின்ற எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை அப்போது அங்கே இல்லை. சத்தத்துக்கு நான் என்று ஒப்புக்கொண்டவன், அந்தச் சிரிப்பையும் உனக்கு எழுத வேண்டியவன்தான்.

துணியை இன்னும் எடுக்கவில்லை. ஏணியை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்களுக்கு, போம்பாவுக்குச் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். துணியை வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உன் ஆளை வெளியே எடுத்துவிட்டேன். உள்ளே இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

லெட்சுமணன்


உலு திராம்
9.6.2023

அண்ணனுக்கு,

அவர் மூன்று நாள் உங்களைத் திட்டித் தீர்த்தார். நாலாம் நாள் உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருமல் குறைந்திருக்கிறது.

ஒரு வெட்கத்தைச் சொல்கிறேன். அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். பதினோரு பேர் எனக்கு ஞாபகம் வரவில்லை. விடிந்து கோலம் போடக் குனிந்தபோதுதான் வந்தார்கள். உங்கள்மேல் வீச வைத்திருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்ட கடைசி இடத்தை ஷர்மினி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள். அந்த மெக்கானிக் உள்ளே இருந்தவர்களின் பெயர்களைச் சொல்கிறானாம். ஒவ்வொன்றாக, நாற்பத்தொன்றையும். கதவை மூடிய பிறகு பெயரைச் சொல்லி யாருக்கு என்ன? அந்தப் படத்திலேயே பெரிய ஓட்டை அதுதான்.

ஏணி இல்லாவிட்டால் மேசை, மேசை இல்லாவிட்டால் லோரி. எடுங்கள். யார் வைத்தது என்று கேட்டால் சொல்லுங்கள். எடுத்ததும் யார் என்று சொல்லுங்கள்.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தைலம் தீர்ந்தால் எழுதுங்கள்.

யோகேஸ்


லாயாங் லாயாங்
17.6.2023

என் பழைய செவிட்டு மகாராணிக்கு, அண்ணன் எழுதுவது.

நேற்றிலிருந்து சுகம். துணியை எடுத்துவிட்டேன்.

ஏணிக்குப் பதில் ஹபிபுல் தோள். பங்களாதேஷ்காரன், எருமை மாதிரி தோள். அவன் நிற்க, நான் ஏற, அம்பத்தாறு வயதில் சர்க்கஸ்காரன் ஆனேன். கைலி கருவாடு மாதிரி விறைத்திருந்தது. துவைத்துக் காயப்போட்டேன், நெடி போகவில்லை. சுகுமாறன் வந்து கத்தினார். மறுபடி வைத்தால் நானே போம்பாவுக்குப் போவேன் என்றேன். இந்த மாதத்தோடு என்னை நிறுத்துகிறார்களாம். அதற்காகப் போகாமல் இருக்கப்போவதில்லை. வியாழக்கிழமை எனக்கு லீவு, குளுவாங் போய் நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் காலையும் காட்டுகிறேன்.

இன்னொன்று. ஹபிபுலுக்கு ஹபிபுல் என்று பெயர் என்பதே உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக எல்லாரையும் பாய், பாய் என்றே கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தராகக் கேட்டுக் காவல் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன். ஹபிபுல், தில் பகதூர், ராம் பிரசாத் என்று பதினோரு பெயர். காலையில் வாய்ப்பாடு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். ஒன்பதாவதுக்கு மேல் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

சங்கு இன்னும் ஊதவில்லை. கசிவு இல்லாததாலா, மூன்று மாதம் வாயைக் கட்டியதில் அதற்கும் உன் வியாதி வந்துவிட்டதா என்று தெரியவில்லை. வாடை மட்டும் நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட. ஊதினால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மாப்பிள்ளையிடம் என் மன்னிப்பைச் சொல். கோபம் ஆறியிருந்தால் தொப்பையைத் தட்டிச் சொல்.

உன் அண்ணன்,
லெட்சுமணன்


உலு திராம்
21.6.2023, புதன்

அண்ணனுக்கு,

எப்போதும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம். இன்றைக்கு எழுத அந்தக் கேள்வி ஒன்றுதான் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு ஷர்மினியின் போனில் உங்கள் பெயர் வந்தது. இன்று அவளுக்கு லீவு. எடுத்து மாமா, மாமா என்றாள், அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உதடு நின்றுவிட்டது. பசியாறிக்கொண்டிருந்த உங்கள் மாப்பிள்ளை கையைக் கழுவாமல் எழுந்து வந்து போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அது எங்க சங்கு" என்றார்.

ஷர்மினி போனை வாங்கி, ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி என் உள்ளங்கையில் வைத்தாள். கை நடுங்கியது. என் கைதான் நடுங்குகிறதோ என்று இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தேன். இல்லை, போன்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சத்தம் அது.

சங்கு மூச்சு வாங்கும் இடைவெளியில் தூரத்தில் உங்கள் குரல் கேட்டதாம். கொட்டகையில் போனை வைத்துவிட்டு ஓடியிருக்கிறீர்கள் என்று இவர் சொன்னார். நீங்கள் பெயர் பெயராகக் கத்தினீர்களாம். ஷர்மினி விரல் விட்டு எண்ணினாள். நானும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது விரல் மடங்கியது. பிறகு போன் நின்றுவிட்டது.

திரும்பத் திரும்ப அழைத்தோம். யாரும் எடுக்கவில்லை. ஷர்மினி போம்பாவுக்குச் சொன்னாள், ஏற்கெனவே கிளம்பிவிட்டார்களாம். நான் ஒளித்து வைத்திருந்த மோட்டார் சாவியை நானே எடுத்து இவர் கையில் கொடுத்தேன். போய் இரண்டு மணி நேரம் ஆகிறது, இன்னும் ஒன்றும் தெரியவில்லை. தபால்பெட்டியில் போடுவதற்காக இதை எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை.

மீதி இரண்டு பேருக்கு என்ன பெயர் அண்ணே? அவர்களையும் கூப்பிட்டீர்களா? எழுதுங்கள். சத்தத்துக்கு நீங்கள்தானே.

யோகேஸ்